ஆறு டின் பாலும் பன்னிரண்டு டியூப் மருந்தும்

மதுரையில் கால் வைத்த அரை மணி நேரத்தில் நான் டாக்டர் ஆகிவிட்டேன். படிப்பு, பரீட்சை எதுவும் கிடையாது. என்னைக் கூட்டிப்போக ரயிலடிக்கு வந்திருந்த பாண்டி, அதாவது என் பெரியப்பா மகன் மொக்கைச்சாமி அண்ணனின் மகன், என் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டே வழியில் நின்ற ரிக்சாக்காரரிடம் சொன்னான்: "தள்ளிக்கண்ணே, மலேசியா டாக்டரு வாராரு. பல்லு டாக்டரு. எங்க சித்தப்பா."

நான் டாக்டர் இல்லை. ஈப்போவில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் பதினெட்டு வருசமாக வேலை பார்க்கிறேன். கருவிகளைக் கொதிக்க வைப்பது, சுவரில் தொங்கும் படங்களுக்குத் தூசி தட்டுவது, நாற்காலியில் அழுகிற பிள்ளைகளின் காலைப் பிடித்துக்கொள்வது, இவைதான் என் உத்தியோகம். அப்பா உயிரோடு இருந்தபோது 'மகன் பல் ஆஸ்பத்திரியில் இருக்கிறான்' என்று ஊருக்கு ஒரு கடிதம் போட்டார். கடல் தாண்டுவதற்குள் நான் டாக்டராகிவிட்டேன். ரிக்சாக்காரரிடமாவது திருத்தியிருக்கலாம். ஆனால் மனிதர் அதற்குள் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டார். கும்பிட்ட பிறகு எப்படித் திருத்துவது? நானும் கையைக் குவித்துக்கொண்டு நடந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அப்பா பிறந்த மண்ணை நான் முதன்முதலாகப் பார்க்க வந்ததற்குக் காரணம் பாண்டி எழுதிய கடிதம். அவன் மகள் செல்விக்கு நாலு வயசு. முன்பல்லெல்லாம் கரிக்கட்டையாகிவிட்டதாம், வலி வந்தால் சோறு இறங்காதாம். 'தாய்ப்பால் சரியில்ல, அதான் பிள்ளைக்குப் பல்லு இப்படி' என்று அவன் அக்கா மாயக்காள் ஊரெல்லாம் பேசுகிறாளாம். அவன் பெண்டாட்டி பேச்சியம்மாள் மூன்று வருசமாய் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இப்போது அவள் மறுபடி முழுகாமல் இருக்கிறாள். 'பிறக்கப்போவதற்காவது பல் நிற்க மருந்து கொண்டுவாங்க சித்தப்பா. இதுக்கும் போச்சுன்னா அவளை இந்த வீட்டில் வாழ விடமாட்டாக' என்று முடித்திருந்தான்.

கடிதத்தை டாக்டரம்மாவிடம் படித்துச் சொன்னேன். அவர் சீனப் பெண்மணி, எங்களுக்குள் பேச்சு மலாயில்தான். "மூத்த பிள்ளையின் பல்லுக்கு மருந்து இல்லை, பிடுங்கத்தான் வேண்டும். பிறக்கப்போகிற பிள்ளைக்கு மருந்து உண்டு. அதைப் பிள்ளைக்குப் பூசாதே, தாய்க்குப் பூசு" என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். பல்லை அரிக்கிற கிருமி பிறக்கும்போது பிள்ளை வாயில் இருப்பதில்லை. பல் முளைக்கும் காலத்தில் வேறொரு வாயிலிருந்து வந்து குடியேறுகிறது. முத்தம், எச்சில் கரண்டி, மென்று ஊட்டும் சோறு, இவைதான் அதற்கு வண்டி. அநேகமாக அந்த வாய் தாயின் வாய். கிருமியைக் கொல்லும் மருந்தைத் தாயின் பல்லில் பூசி அங்கே அதைக் குறைத்துவிட்டால், பிள்ளைக்குப் போவது குறையும், தாமதமாகும். பிரசவத்துக்கு முன்னால் பதினான்கு நாள், பிள்ளைக்கு முதல் பல் தெரியும்போது இன்னொரு பதினான்கு நாள். "அதோடு இனிப்பையும் நிறுத்தவேண்டும். இல்லாவிட்டால் மருந்து வீண்" என்று பன்னிரண்டு டியூப் எடுத்துக் கொடுத்தார்.

பால் கெட்டது என்று ஏற்கெனவே பேச்சு வாங்குகிற பெண்ணிடம், வெளிநாட்டு டாக்டர் போய், வாயும் கெட்டது என்று சொல்வதா? டியூப்களைப் பெட்டியின் அடியில் வைத்தேன். மேலே வழக்கமாக ஊருக்கு அனுப்பும் சாமான்களை அடுக்கினேன்: தைலம், துண்டு, பிஸ்கட், பிறகு ஆறு டின் இனிப்புப் பால். எங்கள் ஊரில் கோப்பிக் கடையில் மூன்று விரல் அளவு ஊற்றுகிற அதே கெட்டிப் பால். யார் இந்தியாவுக்குக் கிளம்பினாலும் கையில் நாலு டின் திணித்து அனுப்புகிறவன் நான். இந்தத் தடவை நானே போவதால் ஆறு.

முதல் நாள் மதுரையிலேயே தங்கினோம். காலையில் இட்லிக்கு நாலு விதச் சட்னி வைத்தார்கள். ஐந்தாவது இட்லிக்குத்தான் மூன்றாவது சட்னி எதுவென்று எனக்குப் பிடிபட்டது. சாயங்காலம் தெருமுனையில் பருத்திப்பால் குடித்தேன். கருப்பட்டியும் சுக்கும் மணக்க, சுடச்சுட. ஈப்போவில் இது கிடைத்தால் நான் வேலைக்கே போகமாட்டேன். மூன்று டம்ளர் ஆனபோது பாண்டி தயங்கித் தயங்கிக் கேட்டான், "சித்தப்பா, இனிப்பு பல்லுக்கு ஆகாதுன்னு சொல்வாகளே?" டாக்டராகிய நான் சொன்னேன், "அளவா குடிச்சா ஒண்ணும் செய்யாது." ஊருக்குத்தானே உபதேசம்.

நடுவில் டாக்டரம்மாவுக்குச் சேலை வாங்கச் செல்லூருக்குப் போயிருந்தோம். தறிச் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காத சந்து. தறிக்காரரும் அவர் மச்சினரும் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சௌராஷ்டிர பாஷையில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். விலையைத்தான் ஏற்றப்போகிறார்கள் என்று நினைத்து, என்ன பேசுகிறீர்கள் என்று அதட்டினேன். தறிக்காரர் வெள்ளந்தியாகத் தமிழில் சொல்லிவிட்டார்: "கோவிச்சுக்காதீங்க சார். 'இவ்வளவு வரிசையா ஒருத்தருக்குப் பல்லு இருக்குமா, நெசப் பல்லுதானா'ன்னு மச்சினன் கேக்கிறான்." பாண்டி பெருமையாக, "டாக்டருன்னா அப்பிடித்தான்" என்றான். நான் அவர் சொன்ன விலைக்கே சேலையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். மேல்வரிசை முழுக்கக் கட்டுப்பல். இருபத்தொன்பது வயசில் எல்லாம் போய்விட்டது. ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தபோது பாலுக்குப் பதில் டின் பால், சோற்றுக்குப் பதில் ரொட்டியும் டின் பாலும். கழற்றி வைத்தால் என் முகம் வேறு முகம். ஊர் போய்ச் சேரும் வழியில் அது என்னைக் காட்டிக்கொடுக்கப் பார்த்தது. பேரையூர்ப் பக்கம் போகிற பஸ்ஸில் சாலை கொஞ்சம், குழி மிச்சம். நான் வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டேன் போலிருக்கிறது. ஒரு குழியில் பஸ் தூக்கிப் போட, மேல்வரிசை மொத்தமும் வெளியே எட்டிப் பார்த்தது. உதட்டால் கவ்விப் பிடித்தேன். எதிரே ஒரு அம்மாள் மடியில் இருந்த ஆட்டுக்குட்டி மட்டும் பார்த்தது. மிச்ச வழியெல்லாம் நான் பேசவில்லை. டாக்டர் ரொம்ப அடக்கமான மனுசன் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள்.

பேரையூருக்கு மூன்று மைல் இப்பால், கரிசல் காட்டு நடுவே அவர்கள் ஊர். வீட்டு வாசலிலேயே எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அரிசி அளப்பது என் டின். விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவது என் டின். கோழிக்குத் தண்ணீர் வைத்திருப்பது என் டின். வேப்பமரத்தடியில் ஒரு டின்னில் செவ்வந்தி பூத்திருந்தது. வருசக்கணக்காக நான் அனுப்பிய டின்கள் எல்லாம் அந்த வீட்டில் ஒரு பதவியில் இருந்தன. மொக்கைச்சாமி அண்ணன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பெண்டாட்டியை இழந்தவர், பேத்திதான் அவருக்கு உலகம். "தம்பி, ஒன் டின் பால் இல்லாட்டி எம் பேத்தி தூங்க மாட்டாடா. பாட்டில்ல கரைச்சு வாயில வச்சாத்தான் கண்ண மூடுவா. ஏஞ் சாமி, நீ நல்லா இருக்கணும்" என்றார். அண்ணன் சொன்னதில் பூரித்துப்போய் நின்றேன்.

பூரிப்பு அரை மணி நேரம் இருந்தது. செல்வியைக் கூட்டிவந்து டாக்டர் தாத்தாவிடம் வாயைக் காட்டச் சொன்னார்கள். நாற்பத்தைந்து வயசில் தாத்தா ஆன வருத்தத்தோடு குனிந்து பார்த்தேன். மேல் முன்பல் நாலும் ஈறோடு ஈறாகக் கறுத்து முனை மழுங்கியிருந்தன. கீழ்ப்பல் நன்றாக இருந்தது. எங்கள் கிளினிக் சுவரில் ஒரு படம் தொங்குகிறது. வாயில் பாட்டிலோடு ஒரு பிள்ளை தூங்கும், மேலே குறுக்கே பெரிய சிவப்புக் கோடு. பக்கத்தில் இதே மாதிரி நாலு பல். அந்தப் படத்துக்கு வாராவாரம் தூசி தட்டுவது நான்தான்.

"என்ன சித்தப்பா, தாய்ப்பால்தான?" என்றாள் மாயக்காள். அடுத்த வீட்டில் வாழ்க்கைப்பட்டவள், பெரும்பொழுது இங்கேதான். அடுப்படி வாசலில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு பேச்சியம்மாள் நின்றாள். என்னைப் பார்க்காமல் என் பதிலுக்காகக் காத்திருந்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரிசோதிச்சுத்தான் சொல்லணும்" என்றேன். அப்புறம் பெட்டியைத் திறந்து தைலம், துண்டு, பிஸ்கட் எல்லாம் கொடுத்துவிட்டு, டின் பாலைச் சுங்கத்தில் பிடுங்கிக்கொண்டார்கள் என்று ஒரு பொய்யையும் சொல்லி, ஆறு டின்னையும் வேட்டிக்கு அடியில் தள்ளிப் பெட்டியைப் பூட்டினேன்.

மறுநாள் காலையில் செல்விக்குக் கன்னம் வீங்கிவிட்டது. பாண்டி பருத்தி ஆலைக்குப் போய்விட்டான். நானும் பேச்சியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு ஓடினோம். எட்டு மாசத்துப் பிள்ளைத்தாய்ச்சி, அந்தப் பஸ்ஸில். "நீ வேணாம்மா, நான் பாத்துக்கிறேன்" என்றதற்கு, "எம் பிள்ளை வலியில கெடக்கும்போது நான் வீட்டுல இருந்து என்ன மாமா செய்ய?" என்று ஏறிவிட்டாள். சின்ன மாமனார் முறையான என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

வண்டியூர்த் தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு இளவயசு டாக்டர். குளத்தில் தண்ணீர் இல்லை, பையன்கள் உள்ளே இறங்கிக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் பழக்க தோசத்தில் செல்வியின் காலைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் என்னைப் பார்த்து, "நல்லாப் பிடிக்கிறீங்களே, பழக்கமோ?" என்றார். சீழ் கட்டிய பல் இரண்டையும் எடுத்தார். பஞ்சை வைத்துவிட்டு, கோபமாகத் திரும்பினார்.

"யாரும்மா இதுக்குப் பாட்டில்ல டின் பால் குடுத்துத் தூங்க வச்சது?"

சுவரில் ஒரு மளிகைக் கடைக் காலண்டர் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். அன்றைக்குச் சுபமுகூர்த்தம், ராகுகாலம் எத்தனை மணி என்பதெல்லாம் இன்றும் எனக்கு மனப்பாடம்.

"நான்தான் சார்" என்றாள் பேச்சி.

டாக்டர் அவளைக் காய்ச்சி எடுத்தார். படித்தவள்தானே, புத்தி வேண்டாமா, பல் முளைத்த பிள்ளைக்குத் தூங்கும்போது இனிப்பா என்றெல்லாம். அவள் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். பதினெட்டு வருசம் அந்தப் படத்துக்குத் தூசி தட்டியவன் ராகுகாலத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். அவள் வெளியே போனதும் டியூபை எடுத்துக் காட்டி, தாய்க்குப் பூசலாமா என்று இங்கிலீசில் கேட்டேன். டாக்டர் புரட்டிப் பார்த்தார். "இதப் பத்தி இப்பத்தான் படிச்சுக்கிட்டிருக்கோம். நான் பூசிப் பாத்ததில்ல. முழுங்காமத் துப்பினா வயித்துப் பிள்ளைக்குக் கெடுதல் இல்ல. ஆனா இனிப்பை நிறுத்தாம இது என்ன செய்யும்?" என்றார். ஈப்போவில் கேட்ட அதே வார்த்தை.

குளத்துக் கரையில் செல்வி விசும்பிக்கொண்டே இருந்தாள். மனசு கேட்காமல் ஓடிப்போய் ஒரு சேமியா ஐஸ் வாங்கிக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் உறைத்தது. பேச்சி என்னையும் ஐஸையும் மாறி மாறிப் பார்த்தாள். "குளிர்ச்சி நல்லதுன்னு டாக்டரு சொன்னாருல்ல" என்று சமாளித்து, பாதியை நானே வாங்கித் தின்றேன்.

மருந்தை வெளியே எடுக்கும் நாள் வந்தது. சாயங்காலச் சாப்பாடு முடிந்து எல்லாரும் முற்றத்தில் இருந்தார்கள். மாயக்காள்தான் ஆரம்பித்தாள். "மருந்து யாருக்கு சித்தப்பா? செல்விக்கா, பொறக்கப்போறதுக்கா?"

தாய்க்கு என்று சொன்னால் அவ்வளவுதான், பேச்சியின் காலம் முடிந்தது. வாய்க்குள் கட்டுப்பல் ஆட, எங்கிருந்தோ ஒரு புத்தி வந்தது. வாழ்நாளில் எனக்கு வந்த ஒரே புத்தி. "பிள்ளைக்கு முத்தம் குடுக்கிறவுக எல்லாருக்கும்" என்றேன். பல்லுப் பூச்சி ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போவதை விளக்கினேன். யார் வாயிலிருந்து என்று சொல்லவில்லை.

"எனக்குமா?" என்றாள் மாயக்காள்.

"ஏன், நீ தம்பி பிள்ளைக்கு முத்தம் குடுக்க மாட்டியா?"

வீடே பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்த அத்தை மாட்டேன் என்பாள்? முதல் ஆளாக வாயைத் திறந்தாள். மொக்கைச்சாமி அண்ணன், பாண்டி, பேச்சி, எல்லாரும் வரிசையில் நின்றார்கள். பூசி, ஐந்து நிமிசம் வாயைத் திறந்து வைத்து, துப்ப வேண்டும். அந்த ஐந்து நிமிசம் அந்த வீட்டில் யாரும் பேசமுடியாது. மாயக்காள் பேசாமல் இருந்த ஐந்து நிமிசத்தை அண்ணன் ரொம்ப ரசித்தார். "இன்னும் கொஞ்சம் பூசுடா தம்பி அவளுக்கு" என்று தினமும் சொல்வார்.

டாக்டரம்மா எனக்கு இரண்டு விசயம் சொல்லியிருந்தார், நான் வீட்டில் சொல்ல மறந்துவிட்டேன். இந்த மருந்து பல்லில் பழுப்புக் கறை ஏற்றும். நாக்கில் ருசியை மழுக்கும், அதிலும் உப்பு ருசியை. ஒரு வாரத்தில் குடும்பம் மொத்தமும் பழுப்புப் பல்லோடு திரிந்தது. வெற்றிலையே போடாத மாயக்காள் கண்ணாடியைப் பார்த்துக் கத்திய கத்தலில் கோழிகள் கூரையேறின. "பல்லக் காக்க வந்த மருந்தாய்யா இது?" கறை போய்விடும், தேய்த்து எடுத்துவிடலாம் என்று சத்தியம் செய்தேன். பேச்சி அன்றிலிருந்து யார் முன்னாலும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அதற்கு முன்னால் மட்டும் என்ன சிரித்தாளா?

ருசிதான் பெரிய கூத்து. பேச்சி ருசி பார்ப்பாள், உப்புப் பத்தாது, போடுவாள். அண்ணன் வாயில் வைப்பார், பத்தாது, போடுவார். நான் ஒருவன்தான் மருந்து பூசாதவன், கட்டுப்பல்லைக் கழற்ற வேண்டுமே என்று. அவர்கள் ரசித்துச் சாப்பிட்ட குழம்பை நான் கண்ணில் தண்ணீரோடு முழுங்கினேன். "காரமா சித்தப்பா?" என்பான் பாண்டி. "பாசம்டா" என்பேன். பக்கத்து ஊரிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்தார்கள், முதல் கவளத்தில் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். கடைசியில் அண்ணன், உப்புக்கு மட்டும் என்னைக் கூப்பிட்டு ருசி பார்க்க வைத்தார். அந்த வீட்டில் நான் யோக்கியமாகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

இதற்கிடையில் என் பெட்டிக்கு எறும்பு வந்துவிட்டது. டின் ஒன்று நசுங்கி ஒழுகியிருக்கிறது. சுவரோரம் சாரை சாரையாக வந்த எறும்பைத் தொடர்ந்துபோன மாயக்காள் பெட்டியைத் திறக்கவைத்தாள். வேட்டிக்கு அடியில் ஆறு டின். "சுங்கத்துல பிடுங்கிட்டாகன்னு சொன்னீகளே! ஒளிச்சு வச்சுத் தனியாக் குடிக்கிறீகளா?" என்றாள். நாலு வயசுப் பிள்ளையோடு போட்டி போடும் தாத்தா என்று ஊரில் பேர் வந்தது. உண்மையைச் சொல்வதற்குப் பதில் அந்தப் பேரை வாங்கிக்கொண்டேன். கெட்டுப்போன பால் என்று சொல்லி, ஆள் இல்லாத நேரம் பார்த்து, எல்லாவற்றையும் உடைத்து மாட்டுக் கழனித்தொட்டியில் ஊற்றினேன். அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் எருமை கூப்பிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை பகலில் பேச்சிக்கு வலி கண்டது. கவர்மெண்ட் நர்சம்மா சைக்கிளில் வந்தார். உச்சிப்பொழுதுக்குள் ஆம்பிளைப் பிள்ளை. குளிப்பாட்டித் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்தார்கள். மாயக்காள் ஒரு கிண்ணத்தில் கருப்பட்டித் தண்ணீரைக் கரைத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள்.

"சேனை வையுங்க சித்தப்பா."

எனக்குத் தெரியாத வழக்கம். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் சொட்டு இனிப்பை ஒருத்தர் விரலால் தொட்டு வைக்கவேண்டும். யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம்தான் பிள்ளைக்கு வருமாம். தெருவில் பாதிப்பேர் வாசலில் நின்றார்கள். "டாக்டரு சேனை வச்சாப் பிள்ளையும் டாக்டரு" என்றார் ஒருவர். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விரலைக் கிண்ணத்துக்குள் விட்டுவிட்டேன். எடுத்து, பிள்ளையைப் பார்த்தேன். கண்ணைத் திறக்காமல் வாயை மட்டும் ஆவென்று திறந்து தேடிக்கொண்டிருந்தது. துப்புரவான, புது வாய். அதில் முதல் முதலாகப் போய் விழப்போவது இனிப்பு, வைக்கப்போவது நான். கை நின்றுவிட்டது. நிஜமாகவே எனக்கு அழுகை வந்தது. வேட்டியில் விரலைத் துடைத்துவிட்டு, எல்லார் முன்னாலும் கட்டுப்பல்லைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

"நான் தாக்தரு இழ்ழ" என்றேன். பல் இல்லாமல் வேறெப்படிச் சொல்ல வரும்?

முதலில் சிரித்தது செல்வி. முன்பல் இல்லாத வாயை முழுசாகத் திறந்து, "தாத்தாவுக்கும் பல்லு இல்ல!" என்று குதித்தாள். பிறகு நான் பல்லை மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். கருவி கழுவுகிற ஆள், காலைப் பிடிக்கிற ஆள் என்று. அண்ணன் தன் பல்லைத் தடவிப் பார்த்து, "அப்ப எங்க பல்லுல பூசுனது?" என்றார். "அது நெச மருந்துதான்ணே, நான்தான் போலி" என்றேன்.

நர்சம்மா கிண்ணத்தைத் தள்ளிவைத்தார். "சேனையும் வேணாம், சீனியும் வேணாம். மொத வர்ற சீம்பால வீணாக்காமத் தாய்கிட்ட விடுங்க."

"சேனை வைக்காத பிள்ளையா? ஊரு சிரிக்காதா?" என்றாள் மாயக்காள்.

"அப்ப பேச்சி பாலே சேனையா இருக்கட்டும். பேச்சியே வைக்கட்டும்" என்றேன்.

"பெத்தவளா? அவ குணமா பிள்ளைக்கு வரணும்?"

"மூணு வருசமா நீ பேசுறதக் கேட்டுக்கிட்டு ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லல. அதவிட என்ன கொணம் வேணும் ஒனக்கு?" இதைச் சொன்னது நான் இல்லை, பாண்டி. அவன் அக்காவிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவையாம். மாயக்காள் அவனை முறைத்தாள், என்னை முறைத்தாள், கிண்ணத்தை முறைத்தாள். பிறகு, "வாயில்லாப் பூச்சியாத்தான் வளரும்" என்று முணுமுணுத்துக்கொண்டே பிள்ளையை உள்ளே கொண்டுபோய்ப் பேச்சியிடம் கொடுத்தாள்.

மேலும் இரண்டு வாரம் இருந்தேன். டாக்டர் பட்டம் போன பிறகு ஊரில் எனக்கு மரியாதை குறையவில்லை, ஆனால் எல்லாரும் பல்லைக் கழற்றிக் காட்டச் சொன்னார்கள். கிளம்புகிற காலையில், பாண்டி பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனான். மிச்சம் ஆறு டியூபைக் கொடுக்கப் பேச்சியின் கட்டிலண்டை போனேன். முதல் பல் தெரிகிற அன்றைக்கு ஆரம்பிக்கணும் என்றேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"மாமா, ஒண்ணு கேக்கணும். எல்லாருக்கும்னு சொன்னாலும் எனக்குத்தான் நெறையாப் பூசச் சொன்னீக. செல்விக்கு எம் வாயிலருந்துதான் போயிருக்கும், இல்ல?"

இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. "பூச்சி யாரு வாயிலருந்தும் போகும்மா. என் வாயில, அண்ணன் வாயில, எல்லா வாயிலயும் இருக்கு. அதுக்குத் தீனி போட்டது வேற ஆளு" என்று தொடங்கினேன்.

"தெரியும் மாமா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"டாக்டரு கேட்டப்ப காலண்டரப் பாத்துக்கிட்டு இருந்தீகளே, அப்பவே தெரியும். கழனித்தொட்டியில ஊத்துனதையும் பாத்தேன்."

"பிறகு ஏம்மா நான்தான்னு சொன்ன?"

"பாட்டில வாயில வச்சது நான்தான? நீங்க எம்புட்டு ஆசையா அனுப்புனது. எனக்குப் பேச்சு வாங்கிப் பழக்கம். ஒங்களையும் எதுக்குப் பேசணும்?" என்று பிள்ளையின் துணியைச் சரிசெய்தாள்.

தூரத்தில் பஸ் வருகிற சத்தம் கேட்டது. பாண்டி சாலையிலிருந்து, "சித்தப்பா, வெரசா வாங்க!" என்று கத்தினான். அந்த ஊருக்குக் காலையில் இரண்டே பஸ். நான் வாசலுக்குப் போய், பஸ்ஸுக்குப் போகாமல், வேப்பமரத்தடி டின்னைச் செவ்வந்தியோடு தூக்கிக்கொண்டு முற்றத்து நடுவில் நின்றேன். "அண்ணே, மாயக்கா, எல்லாரும் கேளுங்க. செல்வி பல்லக் கெடுத்தது பேச்சி பால் இல்ல. இந்தப் பால். அனுப்புனது நான். வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும், சொல்லத் தைரியம் இல்ல" என்றேன்.

அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். தினமும் பாட்டிலில் கரைத்துக் கொடுத்தது அவர் கைதான். மாயக்காள் இடுப்பில் சேலையைச் செருகினாள்.

பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் வர ஒன்றரை மணி நேரம். அதுவரைக்கும் அவள் நிறுத்தவில்லை. படிச்ச முட்டாள் என்றாள், பல்லுப்போன பொய்யன் என்றாள், எருமைக்குப் பால் வார்த்த மகராசன் என்றாள், ஈப்போவைக்கூட விட்டுவைக்கவில்லை. மூன்று வருசமாகப் பேச்சி கேட்டதை ஒன்றரை மணி நேரத்தில் கேட்டு முடித்தேன். நடுவில் மூச்சு வாங்க அவள் நிறுத்தியபோது, வீட்டுக்குள் கட்டிலில் யாரோ வாயைப் பொத்தாமல் சிரிக்கிற சத்தம் கேட்டது. நாற்பது நாள் அந்த வீட்டில் இருந்திருக்கிறேன். பேச்சி சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன்.